ஒரு மேடை, ஒரு மனிதன், இரண்டு ஊர்!

(இராசிபுரம் வட்டாரப் படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



திரைச்சீலை இல்லை, தர்பார் மண்டபம் இல்லை, ராஜா வேடமில்லை, ராணி வேடமில்லை. ஒரே ஒரு ஆள். அவன் தோளிலே ஒரு துண்டு. சட்டைப் பையிலே ஒரு பேனா. நான் எழுதி, நானே நடித்து வந்த ஓராள் நாடகத்தின் ஆஸ்தி அவ்வளவுதான். துண்டைத் தலையிலே கட்டினால் பட்டிக்காட்டுக் குப்பன். துண்டை உருவிப் போட்டுவிட்டுப் பேனாவைச் செருகினால் பட்டணத்துக் கனவான். தேர்தல் நாளன்று ஒரு பேருந்து நிலையத்திலே இருவரும் சந்திக்கிறார்கள், வாதாடுகிறார்கள், வைது கொள்கிறார்கள். இதுதான் கதை.

சேலத்திலே நடித்தேன். குப்பன் வாயைத் திறந்தான், கொல்லென்று சிரிப்பு. கிராமத்திலே நடித்தேன். கனவான் வரப்பிலே வழுக்கி விழுந்தான், பந்தலே அதிர்ந்தது. அங்கும் மாலை, இங்கும் மாலை. "ஆகா, நகரத்தையும் வென்றோம், நாட்டுப்புறத்தையும் வென்றோம்" என்று மார் தட்டிக் கொண்டேன்.

தட்டிய கையைத் தடுத்து நிறுத்தினார் ஒரு மூதாட்டி. வெண்ணந்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலே நாடகம் முடிந்து, நான் முகத்துப் பூச்சைத் துடைத்துக் கொண்டிருந்த வேளையிலே, தடியை ஊன்றியபடி அருகே வந்தார். பாராட்டப் போகிறார் என்று பல்லைக் காட்டினேன்.

"ஏங் கண்ணு! இங்க வந்து பட்டணத்தானக் கேலி பண்ணுற. அங்க போனா எங்களத்தானே பண்ணுவ?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். கோபமில்லை, குத்தலுமில்லை, பதிலுக்காகக் காத்திராமல் போய்விட்டார். பதில் இருந்தால் அல்லவா நான் சொல்லியிருப்பேன்!

தோழரே, மேடையேறிப் பேசுகிறவர்கள் அனைவருக்கும் உரிய கேள்வி அது. சேலம் கோட்டை மைதானத்திலே பேசும்போது ஒரு நாக்கு, சேந்தமங்கலத்துச் சந்தையிலே பேசும்போது வேறொரு நாக்கு என்று வைத்திருக்கிறோமா, இல்லையா? நகரத்தாரிடம், "பாவம், கிராமத்தார் விவரமறியாதவர், யாரோ தந்ததை வாங்கிக்கொண்டு வாக்களிக்கிறார்" என்று அனுதாபம் காட்டுவது, கிராமத்தாரிடம், "உம் வியர்வையிலே விளைந்ததை நகரத்தான் நோகாமல் தின்கிறான்" என்று நெருப்பு மூட்டுவது! இரண்டு பேச்சுக்கும் கைதட்டல் உண்டு. ஆனால், அடுத்தவரைப் பற்றி அவர் இல்லாத இடத்திலே பேசுவதற்குத் தமிழிலே ஒரு சொல் இருக்கிறது: கோள்! அரசியல் என்ற பெயரிலே கோள் சொல்லி வந்திருக்கிறேன் என்பதை அந்த மூதாட்டி எனக்கு உணர்த்தினார்.

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். நாடகக்காரன் படிக்க வேண்டிய கல்லூரி ஒன்று உண்டு; அதன் பெயர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். அவரிடம் சென்றேன். 1957 ஆம் ஆண்டு மறைந்தவரிடம் எப்படிச் செல்வது என்கிறீர்களா? 1949 இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்திலே அவர் இன்றும் நின்றுகொண்டுதானே இருக்கிறார், கிந்தனார் காலட்சேபம் நடத்திக் கொண்டு!

காலட்சேபம் என்பது என்ன? அதுவே நம் நாட்டு ஓராள் நாடகம். பக்கவாத்தியக்காரர் உண்டு, பின்பாட்டுக்காரர் உண்டு. ஆனால் கதை முழுவதையும் தாங்குகிறவர் ஒருவரே. அவரே அரசன், அவரே ஆண்டி. அவரே அடிக்கிறவன், அவரே அடிபடுகிறவன். ஒரு தொண்டைக்குள்ளே ஓர் ஊரே குடியிருக்க வேண்டும். அந்தக் கலை நெடுங்காலம் பக்திக் கதைக்கே பயன்பட்டது. அதிலே புகழ் பெற்ற ஒன்று, 19 ஆம் நூற்றாண்டிலே கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரம்.

நந்தன் யார்? வேதியர் பண்ணையிலே உழைத்த ஒடுக்கப்பட்ட மகன். அவன் கேட்டது காணியா, கூலியா? இல்லை, சிதம்பரம் சென்று வர அனுமதி! ஆண்டை என்ன சொன்னார்? 40 வேலி நிலத்தையும் உழுது, நட்டு, அறுத்து வைத்துவிட்டுப் போ என்றார். ஒரு வேலி என்பது ஏறத்தாழ 6.6 ஏக்கர். 40 வேலிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 260 ஏக்கருக்கு மேல்! ஒரு மனிதனின் கால் ஓர் ஊர் எல்லையைத் தாண்டுவதற்கு விதிக்கப்பட்ட சுங்கம் அது. இறைவன் ஓர் இரவிலே பயிரை விளைவித்தான் என்கிறது கதை. நந்தன் தில்லை சென்றான். தீயிலே மூழ்கி எழுந்த பின்னரே கோயிலின் உள்ளே போனான். ஊருக்குத் திரும்பி வரவேயில்லை.

கலைவாணர் அந்தக் கதையை எடுத்தார், நந்தனைக் கிந்தனாக்கினார். கிந்தனும் ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளை. ஆனால் அவன் கேட்டது ஆலயத்தையல்ல, அரிச்சுவடியை! சொந்தக் கிராமத்திலே அது அவனுக்குக் கிட்டவில்லை. ரயிலேறினான். அந்த ரயிலைக் கலைவாணர் எப்படிக் காட்டினார் என்பதைக் கவனியுங்கள். ஊரிலே தெரு வேறு, கிணறு வேறு, சுடுகாடு வேறு என்று பிரித்து வைத்தவர்கள், ரயிலிலே ஒரே பலகையில் ஒட்டி உட்கார்ந்து போகிறார்கள்! கிந்தன் பட்டணம் சேர்ந்தான், படித்தான், பள்ளிகளை மேற்பார்வையிடும் அதிகாரியாகத் தன் ஊருக்கே திரும்பி வந்தான். நந்தன் போனான், வரவில்லை. கிந்தன் போனான், வந்தான். இரண்டு கதைக்கும் இடையிலே உள்ள தொலைவு நூறாண்டுத் தொலைவு.

இப்போது என் நாடகத்தையும் கலைவாணரின் காலட்சேபத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். என் மேடையிலே கிராமத்தானும் நகரத்தானும் ஒருவரை ஒருவர் ஏசினார்கள். அவர் மேடையிலே ஏச்சு வாங்கியது எது? ஒரு பிள்ளையைப் படிக்க விடாத கொடுமை! அந்தக் கொடுமையைப் பார்த்துக் கிராமத்தானும் சிரித்தான், நகரத்தானும் சிரித்தான். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்தப் படத்துக்குக் கதை வசனம் எழுதியவர் பேரறிஞர் அண்ணா. அமெரிக்காவிலே 1936 இல் வெளிவந்த ஒரு படத்தைத் தழுவியது அது: சிற்றூர்க்காரன் ஒருவன் பெருஞ்செல்வத்துக்கு வாரிசாகி நியூயார்க் நகரம் போகும் கதை. கடல் கடந்த நாட்டிலும் கிராமம்-நகரம் என்ற கோடு உண்டு என்பதற்கு அது சான்று. அந்தக் கதையைத் தமிழ் மண்ணுக்குக் கொண்டு வந்தபோது, நம் ஊரிலே கோட்டின் பெயர் சாதி என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள்.

கிராமம் என்றால் பச்சை வயல், பனிநீர், பண்பாடு என்று பாடுவோர் உளர். காந்தியடிகள் கிராமத்தையே நாட்டின் உயிர் என்று போற்றினார். நகரம் கிராமத்தை உறிஞ்சுகிறது என்று அவர் வருந்தியதிலே உண்மை இல்லாமலில்லை. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். கிராமம், நகரம் என்று பிரிப்பதே இன்னொரு வருணாசிரமம் என்றார் பெரியார். ஊருக்கு வெளியே சேரி இருப்பது போல நகருக்கு வெளியே கிராமம் இருக்கிறது. உழைப்பது ஓரிடம், வசதி வேறிடம் என்பது அவர் வாதம். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையிலே பேசிய அண்ணல் அம்பேத்கர், குறுகிய மனமும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடமாகவே கிராமத்தைக் கண்டார். அரசியல் சட்டம் கிராமத்தை அல்ல, தனி மனிதனையே அடிப்படையாகக் கொண்டது குறித்து மகிழ்ச்சி தெரிவித்தார்.

தனி மனிதன்! மேடையிலே தனியாக நிற்கிற அந்த ஒரு மனிதன்! அவன் எந்த ஊர்க்காரன் என்று பார்க்காமல், அவனுக்கு என்ன உரிமை என்று பார்ப்பதே சனநாயகம். இது நமக்கு எளிதிலே வந்து சேரவில்லை. 1920 முதல் நடந்த சென்னை மாகாணச் சட்டசபைத் தேர்தல்களிலே தொகுதிகளுக்கே நகர்ப்புறம், நாட்டுப்புறம் என்று முத்திரை குத்தியிருந்தார்கள். சொத்தும் வரியும் உடையவனுக்கே வாக்கு. 1952 பொதுத் தேர்தலிலேதான் வயது வந்தோர் அனைவருக்கும் ஆளுக்கொரு வாக்கு என்ற நிலை நடைமுறைக்கு வந்தது. கொல்லிமலை அடிவாரத்துக் கூலிக்காரருக்கும் ஒன்று, சேலம் செவ்வாய்ப்பேட்டை வணிகருக்கும் ஒன்று.

வாக்கு ஒன்றாயிற்று, பள்ளி ஒன்றாயிற்றா? அதுதான் அடுத்த கேள்வி. இதற்குச் சேலத்து வரலாற்றிலேயே விடை தேடலாம்.

சேலத்து மண்ணுக்கு அரசியல் புதிதல்ல. நாமக்கல்லும், தர்மபுரியும், கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த பழைய சேலம் மாவட்டத்திலேதான் 1937 அக்டோபர் முதல் நாள், மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. கொண்டு வந்தவர் இராசாசி. 1917 இல் சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். அந்தச் சட்டம் நகரத்துக் கடையையும் மூடியது, கிராமத்துக் கடையையும் மூடியது, கோடு போடவில்லை. 1944 ஆகஸ்டிலே நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியதும் இதே சேலத்திலேதான். சீமான்களின் கட்சி என்ற பெயரை உதறிவிட்டுச் சிற்றூர்ச் சாவடிக்கு வந்த மாற்றம் அது.

ஆனால் 1953 இல் என்ன நடந்தது? அதே இராசாசி முதலமைச்சர். ஊரகத் தொடக்கப் பள்ளிகளிலே நாளொன்றுக்கு 3 மணி நேரமே படிப்பு. மிச்ச நேரத்திலே தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று நாடே அதைச் சாடியது. பள்ளிகள் போதவில்லை, இருப்பதைக் கொண்டு இருமடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அரசுத் தரப்பின் வாதம். அந்த வாதத்தை ஒரு கணம் ஏற்றுக் கொள்வோம். நகரத்துப் பிள்ளைக்கு ஏன் முழுநாள்? கிராமத்துப் பிள்ளைக்கு மட்டும் ஏன் அரைநாள்? நெசவாளி மகன் தறிக்குழியிலே இறங்க வேண்டும். வழக்கறிஞர் மகன் வகுப்பறையிலே இருக்க வேண்டும் என்றால், அது சிக்கனமா, சூழ்ச்சியா என்று கேட்டார்கள் அண்ணாவும் பெரியாரும். 1954 இல் இராசாசி பதவி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் போயிற்று. 1956 இல் பள்ளிகளிலே மதிய உணவு வந்தது.

கிந்தனார் கதையை மீண்டும் நினைவுக்குக் கொண்டு வாருங்கள். அந்தத் திட்டத்துக்கு நாலாண்டு முன்னரே, ஒரு மனிதன் மேடையிலே தனியாக நின்று, அது ஏன் தவறு என்று ஊருக்குச் சொல்லிவிட்டான்! கிந்தன் அரைநாள் படித்துவிட்டு மாடு மேய்க்கப் போயிருந்தால், அதிகாரியாகத் திரும்பியிருப்பானா? அறிக்கை சொல்ல முடியாததை ஆட்டம் சொல்லும் என்பது இதுதான்.

இனி, இன்றைய நிலைக்கு வருவோம். சேலம் - நாமக்கல் சமவெளியிலே கிராமம் எங்கே முடிகிறது, நகரம் எங்கே தொடங்குகிறது என்று கோல் வைத்து அளந்து காட்ட முடியுமா? கோழிப் பண்ணை இருப்பது காட்டிலே. முட்டை போவது கடல் கடந்து. ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியின் சொந்தக்காரர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடியானவர். அவர் வண்டி ஓடுவது வடநாட்டிலே. பள்ளிபாளையத்து விசைத்தறி இரவெல்லாம் இரைகிறது. மரவள்ளிக் கிழங்கு சேலத்து ஆலையிலே சவ்வரிசியாகிறது. நாமக்கல்லிலே லாரிக்குக் கூண்டு கட்டுகிறார்கள். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டிலே நூற்றுக்கு 48.4 பேர் நகரவாசிகள். எஞ்சியோர் கிராமவாசிகள் என்கிறது ஏடு. அந்த ஏட்டிலே கிராமவாசி என்று எழுதப்பட்ட ஒருவர் காலையிலே சேலத்துக்குப் பேருந்தேறி, பொழுதெல்லாம் வெள்ளிப் பட்டறையிலே கொலுசு செய்து, இரவிலே வீடு திரும்புகிறார். பகலிலே அவர் யார்? இரவிலே அவர் யார்?

வாழ்க்கையிலே கோடு அழிந்துவிட்டது. சட்டத்திலே அழியவில்லை. 73 ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிக்கு. 74 ஆவது திருத்தம் நகராட்சிக்கு. 2005 இல் வந்த சட்டம் 100 நாள் வேலைக்கு உறுதி தந்தது, ஊரகத்துக்கு மட்டும். 2025 இறுதியிலே அதன் இடத்துக்கு வேறு சட்டம் வந்தது. பெயர் மாறிற்று, நாள் கணக்கு மாறிற்று, ஊரகம் என்ற எல்லை மட்டும் மாறவில்லை. நாமக்கல் நகராட்சி 2024 இல் மாநகராட்சியாயிற்று. நகரத்தோடு ஊராட்சிகளை இணைக்கும் பேச்சு எழுந்தபோது, இங்கும் தமிழகத்தின் பல இடங்களிலும், வேண்டாம் என்று கிராமத்தார் மனுவோடு வந்தார்கள்.

அப்போது நகரத்து நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "பாருங்கள், தெருவிளக்கும் சாக்கடையும் வேண்டாமென்கிறார்கள், இதுதான் பட்டிக்காட்டுப் புத்தி!" நானும் பழைய நானாக இருந்திருந்தால், அந்தச் சொல்லைக் குப்பன் வாயிலே வைத்துச் சிரிப்பு மூட்டியிருப்பேன். மூதாட்டியின் கேள்வி தடுத்தது. விசாரித்தேன். வீட்டு வரி ஏறும்; நூறு நாள் வேலை போகும்; ஊர் கூடிப் பேசுகிற கிராம சபை போகும். போவது என்றைக்கு என்று தெரியும்; வருவது என்றைக்கு என்று தெரியாது. கையிலே உள்ள கூலியைக் கேட்டால், கானல் நீரைக் காட்டுகிறீர்களே என்கிறார்கள். இது பட்டிக்காட்டுப் புத்தியா? கணக்குத் தெரிந்த புத்தியல்லவா!

அதேபோல நகரத்துக் குடிசையிலே வாழும் கட்டடத் தொழிலாளி கேட்கிறார்: "மழைக்காலத்திலே எனக்கும் வேலையில்லை. நூறு நாள் எனக்குக் கிடையாதா?" கோட்டுக்கு அந்தப் பக்கம் பிறந்தது மட்டுமே அவர் செய்த பிழை. இரண்டு குரலும் ஒரே நியாயத்தின் குரல். நகரத்து ஏழைக்கும் வேலை உறுதி வேண்டும் என்று கேட்பதற்குப் பதிலாக, கிராமத்தான் சோம்பேறி, நகரத்தான் சுரண்டல்காரன் என்று நாம் இருவரையும் மோதவிட்டால், ஆதாயம் யாருக்கு? இரண்டு பேருக்கும் தராமல் தப்பித்துக் கொள்கிறவர்களுக்கு!

பள்ளியைப் பாருங்கள். ஒரு காலத்திலே கிராமத்துக் கிந்தன் படிக்கப் பட்டணம் போனான். பின்னர் பட்டணத்துப் பெற்றோர் தம் பிள்ளைகளை நாமக்கல், இராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள், மதிப்பெண் குவிக்க! கோழிப் பண்ணையின் பெயராலேயே அவற்றை 'பிராய்லர் பள்ளி' என்று ஊர் ஏளனம் செய்ததும் உண்டு. ரயில் திசை மாறிற்று. ஆனால் அந்தப் பள்ளியின் மதிலை ஒட்டிய ஊர்க் கூலிக்காரரின் மகள் உள்ளே போனாளா? கட்டணம் என்ற 40 வேலி அவள் முன்னே கிடந்தது! நீட் தேர்வு வந்த பிறகு, அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பிலே 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 இல் செய்யப்பட்டது; பல கிந்தர்கள் அதன் வழியே போனார்கள். 2022 இல் அரசு தொடக்கப் பள்ளிகளிலே காலை உணவு தொடங்கியது. நல்ல படிகள். ஆனால் அவை படிகள்தாம், மாடி அல்ல. இதை நம் அணியிலே நிற்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்; கைதட்டலுக்காகச் சொல்லவில்லை.

கலைவாணரின் கிந்தனாரிலே என்னை இன்றும் உறுத்துகிற ஒன்று உண்டு. கிந்தன் ஏன் போக வேண்டியிருந்தது? போனவன் அதிகாரியாக வந்தான், சரி. போக முடியாதவன்? ரயிலுக்குக் காசில்லாதவன்? வீட்டை விட்டு அனுப்பப்படாத அவன் தங்கை? ஊரை விட்டுப் போனால்தான் மனிதனாக முடியும் என்ற நிலை இருக்கும் வரை, அந்தக் கதை முடிந்த கதையல்ல. போக விரும்புகிறவர் போகட்டும். போயே தீர வேண்டும் என்ற கட்டாயம் ஒழியட்டும்.

ஆகவே, தோழரே, என் நாடகத்தை மாற்றி எழுதினேன். கனவானும் குப்பனும் இப்போது இரண்டு பேரல்லர். விடியற்காலைப் பேருந்திலே ஏறுகிற ஒரே ஆள். தலையிலே துண்டும் இருக்கிறது, பையிலே பேனாவும் இருக்கிறது. சேலத்திலும் அதே வசனம்; சிற்றூரிலும் அதே வசனம். ஓர் எழுத்துக்கூட மாற்றுவதில்லை என்று எனக்கு நானே விதித்துக் கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், சிரிப்பு குறைந்துவிட்டது, மாலையும் குறைந்துவிட்டது. சென்ற மாதம் நாடகம் முடிந்ததும் இளைஞர் ஒருவர் வந்து, "எங்கள் ஊரிலே பள்ளிக்கு ஆசிரியர் போதவில்லை, யாரிடம் எழுத வேண்டும்?" என்று கேட்டார். முன்பெல்லாம் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். நாளை உங்கள் ஊரிலே ஒரு பேச்சாளர் வந்து, நகரத்தானைப் பழித்தோ கிராமத்தானைப் பழித்தோ உங்கள் கைதட்டலைக் கேட்டால், கையைக் கட்டிக் கொள்ளுங்கள். "ஐயா, இதே பேச்சை அங்கேயும் பேசுவீர்களா?" என்று கேளுங்கள். பேசுவேன் என்று சொல்கிறவரிடம் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: "கோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைக்குக் கிடைக்கிற பள்ளியும், மருந்தும், கூலியும் இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு என்றைக்குக் கிடைக்கும்? தேதி சொல்லுங்கள்!"

முதல் கேள்வியை வெண்ணந்தூர்ப் பக்கத்து மூதாட்டி எனக்குத் தந்தார். இரண்டாவதைக் கலைவாணர் தந்தார். இரண்டையும் உங்களிடம் ஒப்படைத்துவிட்டு இறங்குகிறேன்.